சோலைக்கிளி நின்ற நாலு நிமிஷம்

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை ஆற்று வளைவில் நீ போனை எடுத்தாய், படம் பிடிக்கக் கையைத் தூக்கினாய், பிறகு பிடிக்காமலே சட்டைப்பையில் போட்டுக்கொண்டாய். நீ பிடிக்காமல் விட்ட அந்தப் படத்தைப் பற்றித்தான் அம்மாவின் இந்தக் கடிதம். அன்றைக்கே நேரில் சொல்லியிருக்கலாம். பஸ் ஸ்டாண்டில் நாலு பேர் டீ குடிக்கிற இடத்தில், நீ கட்டிக்கொள்ளப் போகிற அனிதா பக்கத்தில் நிற்க, எனக்கு வாய் வரவில்லை. போனில் சொல்கிற விஷயமும் இல்லை. ஏன் என்று படித்து முடிக்கும்போது உனக்கே தெரியும். பக்கத்து வீட்டு ஜீப் டிரைவர் முருகேசன் நாளைக் காலை திண்டுக்கல்லுக்கு சவாரி போகிறார், அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். கவரை ஒட்டவில்லை. அவர் வழியில் நிறுத்திப் படித்தாலும் படிக்கட்டும். அனிதாவிடம் கொடு. உன் அத்தைக்கும் படித்துக் காட்டு. நான் சொன்ன பொய் ஊர் முழுக்கப் போயிருக்கிறது. உண்மையை மட்டும் ஒட்டி அனுப்புவது சரியில்லை.

வருகிற திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் மனு நாளில் நான் பேச வேண்டும் என்று கேட்டிருக்கிறாய். என்ன பேச வேண்டும் என்று எழுதியே கொடுத்துவிட்டாய். அந்தத் தாளை அரிசி டப்பா மேல் வைத்திருக்கிறேன், உலை வைக்கும்போதெல்லாம் கண்ணில் படுகிறது. "என் கணவர் நெஞ்சு வலியால் துடித்து என்னைப் பலமுறை அழைத்தபோது நான் பறவை பார்க்க வந்தவர்களுடன் கீழ்ச்சோலையில் இருந்தேன். அங்கே செல்போன் சிக்னல் இல்லாததால் எனக்கு அழைப்பு வரவில்லை. இந்த நிலை இன்னொரு குடும்பத்துக்கு வரக் கூடாது." நன்றாகத்தான் எழுதியிருக்கிறாய். சின்ன வயசிலிருந்தே உனக்கு எழுத்து ஓடும். கீழ்ச்சோலைக்கு ஒரு செல்போன் டவர் வேண்டும் என்று இரண்டு வருஷமாக நகராட்சிக்கும் கம்பெனிக்கும் வனத்துறைக்கும் நீ எழுதிப் போட்ட மனுக்களை ஒரு மஞ்சள் பையில் சேர்த்து வைத்திருக்கிறாய். திண்டுக்கல்லில் வேலை பார்க்கிற லேபில் லீவு சொல்லிவிட்டு ஒவ்வொரு ஆபீஸ் வாசலிலும் நின்றிருக்கிறாய். அத்தனை தாளும் ஒரே ஒரு வரியின் மேல் நிற்கிறது. அந்த வரி நான் சொன்னது. அது பொய்.

மதியம் இரண்டு மணி, முற்றத்தில் வெயில் இருக்கிறது, துணி காய்கிறது, நான் பாட்டுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். அப்பா போனதிலிருந்து எனக்கு எல்லாமே இப்படித்தான். பனிக்காலத்தில் கேரட் கழுவப் போனால் முதல் கால் மணி நேரம் விரல் கடுக்கும், பிறகு ஒன்றும் தெரியாது, வெட்டுப்பட்டாலும் வீட்டுக்கு வந்துதான் ரத்தத்தைப் பார்ப்போம். அந்த மாதிரி மரத்துப் போய் இரண்டு வருஷம் ஆகிறது. அப்பாவை எடுத்த அன்று நான் அழவில்லை என்று உன் அத்தை குறைப்பட்டாள். அவள் சொன்னதில் தப்பில்லை. பதினாறாம் நாள் முடிந்து நாலாம் நாளே நான் பைனாகுலரை மாட்டிக்கொண்டு நடைக்குப் போனதை இந்தத் தெருவே பேசியது. வயிற்றுப்பாட்டுக்காகப் போகிறேன் என்று நீ எனக்காகச் சொன்னாய். நான் போனது காலுக்குப் பழகிய வழி என்பதால்தான். வேறு எங்கே போவது என்று தெரியவில்லை.

நடையைப் பற்றி அனிதாவுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும், அவளுக்குப் புதுசு. ஏரி மதகில் காலை ஆறரைக்குக் கூடுவோம். புல்மேல் உறைபனி உப்புத் தூவினதுபோல் கிடக்கும். ஏரித் தண்ணீர் வழிந்து ஊருக்குள் ஓடுவதைத்தான் நாங்கள் ஆறு என்கிறோம். வெளியூர்க்காரர்களுக்கு அது சாக்கடையாகத் தெரியும். மார்க்கெட்டுக்குப் பின்னால் அழுகின முட்டைக்கோஸ் கிடக்கும், லாட்ஜுகளின் சோப்புத் தண்ணீர் வந்து சேரும், அதன் நடுவில் கல்லுக்குக் கல் தாவி வாலை ஆட்டிக்கொண்டு மஞ்சள் வயிற்று வாலாட்டி நிற்கும். இமயமலைப் பக்கமிருந்து அவ்வளவு தூரம் பறந்து வந்து, இந்த முட்டைக்கோஸ் ஈயைத் தின்றுவிட்டு மாசி பங்குனியில் திரும்பிப் போகிறது. அதைச் சொல்லும்போது எல்லாரும் மூக்கிலிருந்து கைக்குட்டையை எடுத்துவிடுவார்கள். மார்க்கெட்டைத் தாண்டினால் பேக்கரியின் பின்சுவர், அதைத் தாண்டினால் ஆறு வளைகிற இடம். அங்கே பள்ளத்தில் வெட்டாமல் விட்ட சோலை மரங்கள் ஒரு பத்துப் பதினைந்து நிற்கின்றன. இருட்டாக, ஈரமாக இருக்கும். சோலைக்கிளி இருப்பது அங்கேதான். பெயர்தான் கிளி. சிட்டுக்குருவியைவிடக் கொஞ்சம் பெரிசு, கருநீலம், வயிறு மட்டும் வெள்ளை. நம்ம மலையையும் இதற்கு மேற்கேயும் தெற்கேயும் உள்ள மலைகளையும் விட்டால் உலகத்தில் வேறெங்கும் கிடையாது. அதைப் பார்க்கவென்றே ஆட்கள் வருகிறார்கள்.

லாட்ஜில் அறை கூட்டிக்கொண்டிருந்த என்னை இந்த வேலைக்கு இழுத்துவிட்டது ஒரு வெள்ளைக்காரக் கிழவர். ஜன்னலுக்கு வெளியே கத்துவது எது என்று அவர் கேட்டார், நான் துடைப்பத்தோடு வெளியே வந்து கையை நீட்டிக் காட்டினேன். மேனேஜர் மறுநாளிலிருந்து கெஸ்டுகளை என்னிடம் அனுப்ப ஆரம்பித்துவிட்டார். பைனாகுலர் வாங்கிக் கொடுத்தது உன் அப்பா. பழசு, வார் அறுந்தது. கேரட் மூட்டை தைக்கிற சணலைத் திரித்து வார் போட்டார். இன்னும் அதேதான் என் கழுத்தில் கிடக்கிறது. புத்தகத்தில் இருக்கிற இங்கிலீஷ் பெயர்களை எனக்கு நீ சொல்லிக் கொடுத்தாய், அப்போது நீ ஏழாம் வகுப்பு. ஆனால் ஒருநாள்கூட என்னோடு நடைக்கு வந்ததில்லை. "அந்நேரம் எவன் எந்திரிப்பான்" என்று போர்வைக்குள் புரண்டு படுப்பாய். அதனால்தான் என் பொய் இவ்வளவு நாள் நின்றது.

ஞாயிற்றுக்கிழமை முதல் தடவையாக வந்தாய். அதுவும் பறவை பார்க்க இல்லை. "அந்த எடத்த ஒரு போட்டோ எடுத்து மனுவோட வைக்கணும்மா, காட்டு" என்றாய். அனிதாவும் ஆசையாகக் கிளம்பி வந்தாள், சிவப்புச் சால்வையோடு. பறவைக்கு ஆகாது என்று அதை வாங்கிவிட்டு என் பழுப்புச் சால்வையைக் கொடுத்தேன். உங்களை வளைவைத் தாண்டி, ஊர் முடிந்து ஆறு கீழே விழுகிற இடம் வரைக்கும் கூட்டிக்கொண்டுபோய், இதுதான் கீழ்ச்சோலை, இங்கேதான் நின்றேன் என்று கையைக் காட்டிவிடுவது என்று நினைத்திருந்தேன். இன்னும் அரை மணி நேரம் நடந்திருந்தால் அதையும் செய்திருப்பேன்.

வளைவில் அது தானாக வந்து நின்றுவிட்டது. கூப்பிடவில்லை, ஒன்றும் செய்யவில்லை, ஈர இலைமேல் நொண்டி விளையாடுவதுபோல் தத்தித் தத்தி வந்து நம்மைப் பார்த்தது. அனிதா என் கையைப் பிடித்துக்கொண்டு ரகசியமாகக் கேட்டாள். "இதுதானா அத்தே சோலைக்கிளி? மாமா தவறுன அன்னைக்கும் இங்கதான் பாத்தீங்களா?"

"ஆமா" என்றேன். யோசிக்காமல் வந்துவிட்டது.

அடுத்த நிமிஷம் அவள் திண்டுக்கல்லில் இருக்கிற அம்மாவை வீடியோவில் கூப்பிட்டு, பறவையைக் காட்டினாள். "தெரியுதாம்மா? நல்லாத் தெரியுதா?" அந்தப் பக்கமிருந்து சம்பந்தியம்மா தொண்டையைக் கனைப்பதுகூடத் தெளிவாகக் கேட்டது. பிறகு அனிதா தலையைத் தூக்கிப் பார்த்தாள். "அத்தே, அந்தா நீலத் தகரம், அது நம்ம வீடுதான?" என்றாள். நீ முதலில் கூரையைப் பார்த்தாய், பிறகு உன் போனைப் பார்த்தாய், பிறகு ஆற்றைப் பார்த்தாய். என்னைப் பார்க்கவில்லை. "போலாம்மா, குளிருது" என்றாய். பஸ் ஏறும்போது மட்டும், "திங்கக்கெழம வெள்ளனே வந்து உன்னயக் கூட்டிட்டுப் போறேன், ரெடியா இரு" என்றாய். உனக்குப் புரிந்து, நானாகச் சொல்லட்டும் என்று விட்டாயா, புரிந்தும் புரியாததுபோல் இருந்துவிடலாம் என்று நினைத்தாயா, எனக்குத் தெரியவில்லை. எதுவானாலும் இனி நான் சொல்லத்தான் வேண்டும்.

அப்பா தவறிய அன்றைக்கு நடந்தது இது. சென்னையிலிருந்து ஒரு ரிட்டயர்டு வாத்தியாரும் அவர் மனைவியும், கூட இரண்டு பேர். காலையில் அப்பா எனக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தார். இலங்கைத் தோட்டத்திலிருந்து அவர் தூக்கி வந்த வார்த்தை அது, சாகிற வரைக்கும் டீ என்று சொன்னதில்லை. முகம் கொஞ்சம் வாடியிருந்தது. "என்ன?" என்றேன். "ஒண்ணுமில்ல, வாயு. நீ கெளம்பு, ஆளுக காத்துக் கெடப்பாங்க" என்றார். நான் கிளம்பினேன். ஏழு மணிக்கு வளைவுக்கு வந்தோம். பனிக்காலத்தில் சோலைக்கிளி அவ்வளவாகப் பாடாது, வெளியே வராது. அதன் குரலைப் போனில் பதிந்து, சோப்பு டப்பா அளவு ஸ்பீக்கரில் போட்டால், தன் இடத்துக்கு வேறொன்று வந்துவிட்டது என்று விரட்ட வெளியே வரும். கைடுகள் எல்லாரும் செய்வதுதான். அப்பாவுக்கு அது பிடிக்காது. "இல்லாத ஒண்ண இருக்குன்னு காட்டி அத ஏன் ஏமாத்துற, பாவம்" என்பார். நான் கேட்டதில்லை.

ஸ்பீக்கரில் போடும்போது போன் வந்தால் குரல் அறுந்துவிடும். அதனால் விமானப் படம் போட்ட பொத்தானை அமுக்கிவிடுவேன். அமுக்கினால் யார் கூப்பிட்டாலும் வராது. அன்றைக்கும் அமுக்கினேன். பறவை வந்தது. தம்பி, என் இருபது வருஷத்தில் சோலைக்கிளி அப்படி நின்றதில்லை. நாலு நிமிஷம், வெயில் விழுந்த ஒரு கல்மேல், முழு உடம்பும் தெரிய. வாத்தியாரின் மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கடைசியாக நான் சந்தோஷமாக இருந்தது அதுதான். பிறகு பேச்சும் படமும் பாராட்டுமாகக் கொஞ்ச நேரம் போனது. பொத்தானைத் திருப்பி அமுக்க மறந்துவிட்டேன். ஏழே முக்கால் தாண்டி ஞாபகம் வந்து அமுக்கினதும் மெசேஜ்கள் வந்து விழுந்தன. அப்பா நாலு தடவை. நீ பதினொரு தடவை. நான் நிமிர்ந்தபோது நம் கூரை தெரிந்தது. நின்ற இடத்திலிருந்து வீட்டுக்குப் பத்து நிமிஷம்.

நீ திண்டுக்கல்லிலிருந்து முருகேசனைப் போனில் பிடித்து, அவர் சவாரியைப் பாதியில் இறக்கிவிட்டு ஓடிவந்து கதவைத் தள்ளும்போது, அப்பா அடுப்புக்கும் கட்டிலுக்கும் நடுவில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாராம். ஜீப்பில் போகும்போதே முடிந்துவிட்டது. நான் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். டாக்டர், "ஒரு அரை மணி நேரம் முன்னாடி வந்திருந்தா ஏதாவது பண்ணியிருக்கலாம்" என்று சொன்னதைப் பக்கத்தில் நின்று கேட்டேன். நீ பஸ்ஸில் இருந்தாய், பெருமாள்மலை தாண்டிவிட்டேன் என்று கூப்பிட்டாய். முதல் கேள்வியே, "ஏம்மா எடுக்கல?" அழுதுகொண்டே கேட்டாய்.

"கீழ்ச்சோலைக்குள்ள இருந்தேன்டா, சிக்னல் இல்ல" என்றேன்.

யோசித்துச் சொன்ன பொய் இல்லை அது. இந்த ஊரில் அது பேச்சு வழக்கு மாதிரி. சவாரிக்கு வர இஷ்டமில்லாத டிரைவர் சொல்வார், வேலைக்கு மட்டம் போட்டவன் சொல்வான், நானும் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். மலையில் அதை யாரும் குறுக்குக் கேள்வி கேட்பதில்லை. நீ ஒன்பதாவது படிக்கும்போது ஆண்டு விழாவில் மேடையில் பேசினாயே, நான் வரவில்லையே, ஞாபகம் இருக்கிறதா? வில்பட்டியில் கேரட் கழுவிக்கொண்டிருந்த அப்பா நனைந்த பேன்ட்டோடு வந்து கடைசி வரிசையில் நின்றார். சாயங்காலம் உன்னிடம், "மன்னவனூர் போயிட்டேன்டா, சிக்னல் இல்ல, மிஸ் கூப்பிட்டது தெரியல" என்றேன். நான் இருந்தது ஏரிக்கரையில். மிஸ் கூப்பிட்டது தெரியும். கெஸ்டுகள் இன்னும் ஒரு சுற்று போகலாம் என்றார்கள், போனேன். அப்பாவுக்கு அது தெரியும், அவர் உன்னிடம் சொல்லவில்லை. அன்றைக்குச் சொன்னது சுலபமாக இருந்தது, அதனால் அப்பா செத்த அன்றைக்கும் அதே வாயில் அதே பேச்சு வந்தது.

மறுநாளே உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் பிணம் நடுவீட்டில் கிடக்கும்போது உன் அத்தை என்னைப் பார்த்து, "எந்தம்பி கூப்புடக் கூப்புட எடுக்காம அப்படி என்ன சோலி உனக்கு, குருவி பாக்குற சோலி?" என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் நீ எழுந்து நின்றுவிட்டாய். "அத்தே, அம்மாவச் சொல்லாதீங்க. சோலைக்குள்ள சிக்னல் கெடையாது. அவங்க என்ன பண்ணுவாங்க?" என்று அவ்வளவு பேர் முன்னால் சொன்னாய். எனக்குக் காதிரண்டும் அடைத்துக்கொண்டதுபோல் ஆனது. அந்த நிமிஷத்தில்தான் எனக்கு எல்லாம் மரத்தது என்று நினைக்கிறேன். பிறகு நீ டவர் கேட்டு மனு எழுத ஆரம்பித்தாய். முதல் மனுவை என்னிடம் படித்துக் காட்டினாய். நான் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பார்த்துக் கொடுத்தேன். இப்படி ஒரு தாய் இருப்பாளா என்று நீ கேட்கலாம். இருந்திருக்கிறாள்.

இதோடு முடிந்தால் பரவாயில்லை. இதைவிடப் பெரியது ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லத்தான் இத்தனை சுற்று சுற்றிக்கொண்டிருக்கிறேன்.

அப்பா சாவதற்கு ஒரு வாரம் முன்னால், அதே வளைவில், மூன்று நாளாகச் சோலைக்கிளிக்குக் காத்திருந்த ஒரு கேமராக்காரரோடு நின்றேன். பறவை வெளியே வந்துவிட்டது, அவர் கேமராவைத் தூக்கிவிட்டார். அந்த நேரம் பார்த்து அப்பா கூப்பிட்டார். அவர் ஆசையாக வைத்துக் கொடுத்த முருகன் பாட்டு அந்த ஸ்பீக்கரில் முழுச் சத்தத்தில் அலறியது. பறவை போய்விட்டது. அந்த மனிதர் கேமராவைப் பைக்குள் வைத்தார். அப்பா கூப்பிட்டது எதற்கு என்று கேள். சீனி டப்பாவை எங்கே வைத்திருக்கிறாய் என்று கேட்க. வீட்டுக்கு வந்ததும் அவரைப் பிடித்துக்கொண்டேன். இருபது வருஷத்தில் சேர்த்த பெயரைக் கெடுத்துவிட்டீர்கள் என்றேன். கடைசியில், "இங்க பாருங்க, நான் நடையில இருக்கும்போது செத்தாலும் என்னையக் கூப்பிடாதீங்க" என்றேன். கோபத்தில் எல்லாரும் சொல்கிற வார்த்தைதான். அவர் சண்டைக்கு வரவில்லை. "சரி, கூப்பிடல" என்றார். சீனி இல்லாத தேத்தண்ணியைக் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைத்தார். பொத்தானை அமுக்கும் பழக்கம் மறுநாள்தான் வந்தது எனக்கு.

நீ காரியம் முடிந்த அன்று என்னிடம் ஒன்று கேட்டாய். அப்பா உன்னைக் கூப்பிட்டபோது, "அம்மா கெளம்புனதுலருந்தே வலிக்குதுடா" என்று சொல்லியிருக்கிறார். நான் வீட்டை விட்டது ஆறே காலுக்கு. அவர் என்னை முதல் தடவை கூப்பிட்டது ஏழு பத்துக்கு. "அம்பத்தஞ்சு நிமிஷம் ஏம்மா அப்பா சும்மா இருந்தாரு? ஒடனே கூப்பிட்டிருக்கலாம்ல?" என்று நீ கேட்டாய். தெரியவில்லை என்றேன். தெரியும் தம்பி. நான் கூப்பிடாதே என்று சொல்லியிருந்தேன், அவர் கூப்பிடாமல் இருந்தார். பொத்தானை நான் அமுக்கியது ஏழு மணிக்கு. அதற்கு முன்னால் முக்கால் மணி நேரம் போன் திறந்துதான் இருந்தது, சிக்னல் முழுசாக இருந்தது, அவர் போனைக் கையில் வைத்துக்கொண்டு நான் நடை முடிந்து வரட்டும் என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இனி தாங்காது என்று ஆன பிறகுதான் என் பேச்சை மீறினார். எந்த டவர் வைத்தாலும் அந்த முக்கால் மணி நேரத்துக்கு உதவியிருக்காது.

திங்கட்கிழமை நான் அந்தத் தாளைப் படிக்க மாட்டேன். உனக்கு டவர் கேட்க வேண்டுமென்றால் மலைக்குக் கீழே இருக்கிற வெள்ளகவி கிராமத்துக்குக் கேள். அங்கே ரோடும் இல்லை, உடம்புக்கு முடியாதவர்களைத் தொட்டில் கட்டித்தான் தூக்கிக்கொண்டு வருகிறார்கள், சிக்னல் உண்மையிலேயே கிடைப்பதில்லை. அதற்கு மனு எழுது, நானும் வந்து நிற்கிறேன். நீ அலைந்தது வீண் போக வேண்டாம். ஆனால் அதில் அப்பா பெயரைப் போடாதே.

மாசியில் உனக்குக் கல்யாணம். தாய் என்று பெயர் போட்ட பத்திரிகை வந்துவிட்டது. புத்தி சொல்கிற யோக்கியதை எனக்கு இல்லை, ஆனாலும் தாய் வாய் சும்மா இருக்காது. உன் லேபில் ரத்தப் பரிசோதனை நடுவில் அனிதா கூப்பிட்டு, சீனி எங்கே என்று கேட்பாள். எரிச்சல் வரும். வரட்டும். அப்புறம் பேசுகிறேன் என்று சொல், திட்டக்கூடத் திட்டு. கூப்பிடாதே என்று மட்டும் சொல்லிவிடாதே. நல்ல மனுஷர்கள் அதைக் கேட்டு நடந்துவிடுவார்கள். அனிதாவும் உன் அப்பாவைப் போலத்தான் என்று எனக்குப் படுகிறது. நான் சால்வையைக் கழற்றச் சொன்னதும் ஏன் என்றுகூடக் கேட்காமல் அந்தக் குளிரில் கழற்றிக் கொடுத்தாள்.

மணவறைப் பக்கம் நான் நிற்கலாமா கூடாதா என்பதை நீ முடிவு செய். உன் அத்தை நிற்கட்டும் என்றாலும் எனக்குச் சம்மதம்தான், ஒரு சொல் சொல்ல மாட்டேன். திங்கட்கிழமை வருவதும் வராததும் உன் இஷ்டம். வந்தால் சுடச்சுட இட்லி இருக்கும். இதைப் படித்துவிட்டு உனக்கு என்மேல் வெறுப்பு வந்தால் அதையும் சொல்லிவிடு. எனக்கு வலித்தால்கூட நல்லது என்று தோன்றுகிறது.

ஒன்று மட்டும். அந்த ஸ்பீக்கரை நான் அன்றோடு எடுத்து வைத்துவிட்டேன், குரல் போட்டுக் கூப்பிடுவதில்லை. நடையில் போனை அணைப்பதும் இல்லை. அப்பா வைத்த பாட்டுத்தான், முழுச் சத்தத்தில் ஸ்வெட்டர் பையில் இருக்கிறது. நேற்று வளைவில் யாரோ ராங் நம்பர் கூப்பிட்டார்கள், சோலைக்கிளி எழுந்து போய்விட்டது, கெஸ்டுகள் முகம் சுளித்தார்கள். போனால் போகட்டும் என்று எடுத்துப் பேசினேன். நீ எந்நேரமும் கூப்பிடு.

அம்மா